எந்த நோயாளிக்கு எந்தப் பாதுகாப்பு? தொற்றுத் தடுப்பு முன்னெச்சரிக்கைகள் பற்றி ஒரு விளக்கம்

வார்டில் புதிதாகப் பணியேற்ற செவிலியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எந்த நோயாளியிடம் போகும்போது கையுறை, எப்போது முகக்கவசம், எப்போது கவுன் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எல்லாரிடமும் எல்லாவற்றையும் அணிந்துகொண்டே போய்விட்டால் இந்தக் குழப்பமே இருக்காதே?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழப்பம் வேண்டுமானால் குறையலாம். தொற்று குறையாது, பல வார்டுகளில் கூடவே செய்யும். அதற்கான காரணத்தைக் கையுறை பற்றிச் சொல்லும் இடத்தில் விளக்குகிறேன். முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது: நோயாளிக்கு என்ன நோய் என்பதைப் பார்த்து முடிவு செய்வதில்லை, அவரிடம் நீங்கள் இப்போது என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்கிறோம். அந்த வேலையில் இரத்தமோ உடல் திரவமோ உங்கள் கையில் படுமா, உடையில் படுமா, முகத்தில் தெறிக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், எதை அணிவது என்பதும் தெரிந்துவிடும். இதுதான் ஸ்டாண்டர்டு பிரிகாஷன்ஸ் என்று வார்டில் வழங்கும் அடிப்படை முன்னெச்சரிக்கை. எல்லா நோயாளிக்கும், எல்லா நேரத்திலும் பொருந்துவது. குறிப்பிட்ட சில நோய்கள் இருப்பதாகத் தெரிந்தாலோ சந்தேகம் எழுந்தாலோ, அவை பரவும் வழியை ஒட்டி இன்னோர் அடுக்கு இதன்மேல் சேர்கிறது. அது அடிப்படையோடு கூடுதலாக வருவதே தவிர, அதற்கு மாற்று அன்று.

இப்படி இரண்டு அடுக்காகப் பிரிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் நடுவில் எச்.ஐ.வி. பற்றிய அச்சம் பரவியபோது, இரத்தத்தில் வைரஸ் இருப்பவரைப் பார்வையால் அடையாளம் காண இயலாது, எனவே எல்லாருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1985இல் முன்வைத்தது. அது இரத்தத்தையும் குறிப்பிட்ட சில திரவங்களையும் மட்டுமே கணக்கில் எடுத்தது. இரத்தம் கலந்திராத மலம், சிறுநீர், சளி, வாந்தி ஆகியவை அதில் சேரவில்லை. ஆனால் மருத்துவமனைகளில் நோயாளிக்கு நோயாளி தாவும் கிருமிகளில் பெரும்பாலானவை குடலிலும் தோலிலும் சுவாசப் பாதையிலும் குடியிருப்பவை. ஈரமான எந்த உடல் பொருளையும் ஒரே கண்ணோடு பார்க்க வேண்டும் என்ற மாற்றுக் கருத்து 1987இல் எழுந்தது. இரண்டையும் இணைத்து 1996இல் இன்றைய வடிவம் வந்தது: வியர்வை நீங்கலாக எல்லா உடல் திரவங்களும், சிதைந்த தோலும், சளிச்சவ்வும் இதன் வரம்புக்குள் வந்தன. 2003ஆம் ஆண்டின் சார்ஸ் பரவலுக்குப் பிறகு, 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருமல் ஒழுங்கும், பாதுகாப்பான ஊசி நடைமுறையும், முதுகுத் தண்டு வழி ஊசி போடுபவர் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டன. கடைசியாகச் சொன்ன விதி பலருக்கு வியப்பளிக்கும். ஊசி போடுபவரின் வாயிலிருந்து விழுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் நோயாளிக்கு மூளைக்காய்ச்சல் வந்த நிகழ்வுகளே அந்த விதிக்குக் காரணம். முகக்கவசம் நம்மைக் காக்க மட்டும் அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

வேலையைப் பார்த்து முடிவு செய்வது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒரே நோயாளியை வைத்துப் பார்ப்போம். அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று நாளான ஒருவர் படுக்கையில் இருக்கிறார். சிரை வழியில் மருந்து ஏறுகிறது, சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருக்கிறது, வயிற்றுக் காயத்தில் கசிவு இருக்கிறது. காலையில் நாடி பார்க்கவும் இரத்த அழுத்தம் எடுக்கவும் போகிறீர்கள். கைத்தூய்மை போதும், கையுறை தேவையில்லை. மாத்திரை கொடுக்கவும் அப்படியே. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக் கையுறை வேண்டும். சிறுநீர்ப் பையைக் காலி செய்யும்போது கையுறையோடு முகத்துக்கும் காப்பு வேண்டும், ஏனென்றால் குழாயைத் திறக்கும் கணத்தில் குனிந்த முகத்தை நோக்கித் தெறிப்பது அடிக்கடி நடக்கிறது. கசிவு மிகுந்த காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது உடை படுக்கையில் உரசும், ஆகவே கவுனோ ஏப்ரனோ சேர்கிறது. அதே நோயாளி, அதே நோய், அதே நாள். ஆனால் அணிய வேண்டியது வேலைக்கு வேலை மாறுகிறது.

இந்த வேலைகள் அனைத்துக்கும் பொதுவாக நிற்பது கைத்தூய்மை. வியன்னா பொது மருத்துவமனையில் 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டது எல்லாருக்கும் தெரிந்த கதைதான் என்றாலும், அதன் அளவு நினைவில் இருப்பது நல்லது. பிணக்கூறு ஆய்வு முடித்துவிட்டு மருத்துவர்களும் மாணவர்களும் நேரே பிரசவ வார்டுக்கு வந்த பிரிவில், அவ்வாண்டு ஏப்ரலில் பிரசவித்த பெண்களில் 18 விழுக்காட்டினர் இறந்தார்கள். மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கியபின், ஜூனில் அது ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலத்தில் நடந்தது இது.

இன்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுவதற்கு முன், தூய்மையான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்டதற்குப் பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டதற்குப் பின். இவற்றில் 'பின்' என்பவற்றைப் பெரும்பாலோர் யாரும் சொல்லாமலே செய்துவிடுவார்கள், ஏனென்றால் அது தம் கைமேல் உள்ள அருவருப்பைப் போக்குவது. விடுபடுவது 'முன்' என்பவையே. நோயாளியைக் காப்பது முதன்மையாக அந்த இரண்டு 'முன்'களும்தான், அதிலும் சிரைக் குழாயின் முனையைத் திறப்பதற்கு முன் உள்ள தருணம். எந்தப் பழக்கத்தை முதலில் வளர்த்துக்கொள்வது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது ஆல்கஹால் கரைசலே சோப்பைவிடச் சிறந்தது. வேகமாகக் கொல்கிறது, தோலையும் குறைவாகவே உலர்த்துகிறது, படுக்கையருகிலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. கை முழுவதும் நனையும் அளவுக்கு எடுத்து, 20 முதல் 30 நொடி, உலரும்வரை தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் விரல்நுனிகளும் அதிகம் தவறும் இடங்கள். சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 நொடி ஆகும். கை கண்ணுக்குத் தெரிய அழுக்காகி இருந்தால் சோப்புதான். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் பரவலின்போதும் சோப்புதான், ஏனென்றால் அதன் ஸ்போர் எனும் உறைவடிவத்தை ஆல்கஹால் கொல்வதில்லை. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித்தான் அதை அகற்ற முடியும். மோதிரம், செயற்கை நகம், நீண்ட நகம் ஆகியவற்றின் கீழ்க் கிருமிகள் தங்குவதால் நோயாளிகளைக் கையாள்பவர் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது கையுறைக்கு வருகிறேன். கையுறை அணிந்த ஒருவரைச் சற்று நேரம் தொடர்ந்து கவனித்துப் பாருங்கள். சிறுநீர்ப் பையைக் காலி செய்கிறார். அதே கையால் திரைச்சீலையை இழுக்கிறார். மருந்துப் பம்ப்பின் பொத்தானை அழுத்துகிறார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். அடுத்த படுக்கைக்காரர் கூப்பிட, அவருடைய தலையணையைச் சரி செய்கிறார். வெறுங்கையோடு இருந்திருந்தால், சிறுநீர்ப் பையைத் தொட்டதுமே கழுவ வேண்டும் என்ற உணர்வு அவருக்கு வந்திருக்கும். கையுறைக்குள் அந்த உணர்வு மரத்துப்போகிறது. தம் கை சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர் ஐந்து இடங்களில் கிருமியை வைத்துவிட்டார். எல்லாருக்கும் எப்போதும் கையுறை என்ற யோசனை தோற்பது இங்கேதான்.

கையுறை கைத்தூய்மைக்கு மாற்றாகாது என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. புதிய கையுறையிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போது அதன் வெளிப்புறம் மணிக்கட்டில் படுவது மிகச் சாதாரணம். எனவே அணிவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் கை தூய்மை செய்தே ஆக வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு சோடி. ஒரே நோயாளியிடமும் அழுக்கான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்கு மாறும்போது புதுச் சோடி. ஒருமுறை பயன்படுத்தும் கையுறையைக் கழுவியோ சானிடைசர் தடவியோ தொடர்ந்து அணிவது சிக்கனம்போலத் தோன்றும். அது பொருளைச் சிதைத்துத் துளைகளைப் பெருக்கும்.

அணிவதைவிடக் கழற்றுவது ஆபத்தானது என்பதைப் பயிற்சிகளில் போதிய அளவு வலியுறுத்துவதில்லை என்பது என் கருத்து. அணியும்போது எல்லாம் சுத்தமாக இருக்கிறது. கழற்றும்போது எல்லாவற்றின் வெளிப்புறமும் அழுக்கு, நீங்களோ களைத்திருக்கிறீர்கள். பரவலாகக் கற்பிக்கப்படும் வரிசை இது: அதிக அழுக்கான கையுறை முதலில், பிறகு கண்ணாடி அல்லது முகத்திரை, பிறகு கவுன், கடைசியாக முகக்கவசம். கண்ணாடியையும் முகக்கவசத்தையும் முன்பக்கம் தொடாமல் காதோரப் பட்டையைப் பிடித்தே எடுக்க வேண்டும். கவுனை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்ற வேண்டும். இடையில் கையில் ஏதேனும் பட்டுவிட்டதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திக் கை தூய்மை செய்துவிட்டுத் தொடரலாம். முடிவில் எப்படியும் ஒருமுறை செய்தாக வேண்டும்.

அடுத்து, பரவும் வழியை ஒட்டிய இரண்டாம் அடுக்கு. தொடுதல் வழியாகப் பரவுபவற்றில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும், சொறிசிரங்கும், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசிலும், அண்மைக் காலத்தில் தலைவலியாகியிருக்கும் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையும் அடங்கும். இவற்றுக்கு அறைக்குள் நுழையும்போதே கையுறையும் கவுனும் வேண்டும். ஸ்டெதஸ்கோப், இரத்த அழுத்தக் கருவி ஆகியவற்றை அந்த நோயாளிக்கென்றே ஒதுக்க வேண்டும். நீர்த்திவலை வழியாகப் பரவும் இன்ஃபுளுயென்சா, கக்குவான் இருமல், மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு அருகில் செல்லும்போது அறுவை முகக்கவசம் வேண்டும். தனியறை இல்லாவிட்டால் படுக்கைகளுக்கிடையே ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளியும் திரையும் வேண்டும். காற்று வழியாகப் பரவுபவை காசநோய், தட்டம்மை, சின்னம்மை. தட்டம்மை உள்ளவர் அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், இங்கே முகக்கவசத்தைவிட அறையே முக்கியம்: கதவு மூடியிருக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வருமே தவிர உள்காற்று நடைபாதைக்குப் போகாதபடி எதிர்மறை அழுத்தம் இருக்க வேண்டும், புதிதாகக் கட்டப்படும் அறையில் மணிக்கு 12 முறையாவது காற்று முழுதாக மாற வேண்டும். எதிர்மறை அழுத்த அறை என்று பலகை மாட்டிவிட்டு, உள்ளே போய்வர வசதியாகக் கதவைத் திறந்து வைத்திருந்தால் அந்தப் பலகைக்குப் பொருளில்லை. இயந்திர வசதி இல்லாத இடங்களில், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டத்தைப் பெருக்குவது நல்ல பலன் தரும்.

அந்த அறைக்குள் செல்பவருக்கு என்-95 எனும் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். அது 95 விழுக்காடு துகள்களை வடிகட்டும் என்பது துணியின் தன்மை. முகத்தோடு பொருந்தாவிட்டால் காற்று துணி வழியாக வராமல் விளிம்பு வழியாக வரும். தாடி இருந்தால் பொருந்தாது. ஒவ்வொரு முறை அணிந்ததும் இரு கைகளையும் கவசத்தின்மேல் வைத்து மூச்சை விட்டும் இழுத்தும் விளிம்பில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது சில நொடி வேலை. நோயாளியை எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்லும்போது அவருக்கு அணிவிக்க வேண்டியது அறுவை முகக்கவசம், என்-95 அன்று. வெளியேறும் துகளை வாயருகிலேயே பிடிப்பதுதான் அங்கே நோக்கம், மூச்சுத்திணறல் உள்ளவருக்கு என்-95 கூடுதல் சுமையும்கூட.

திவலை, காற்று என்ற இந்தப் பிரிவினை வகுப்பறையில் தெரிவதுபோல் அவ்வளவு கூர்மையானது அன்று. மனிதர் மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளிவருவது பலவித அளவுள்ள துகள்களின் தொடர்; பெரியது விழுகிறது, சிறியது மிதக்கிறது, நடுவில் கோடு ஏதும் இல்லை. கோவிட் காலத்து விவாதங்களுக்குப் பிறகு, 2024இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா அளவினையும் சேர்த்துத் தொற்றுள்ள சுவாசத் துகள்கள் என்றே அழைக்கத் தொடங்கியது. ஆகவே திவலை வழி நோய் என்று எழுதியிருந்தாலும், மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாய் செருகுவது போன்று துகள்களைக் கிளப்பும் வேலைகளுக்கு ஒரு படி மேலான பாதுகாப்பை அணிவது சரியே.

இரண்டாம் அடுக்கில் நடக்கும் பெருந்தாமதம் ஆய்வக முடிவுக்காகக் காத்திருப்பது. முடிவு வரும்வரை அந்த நோயாளி பொது வார்டில் இருமிக்கொண்டிருப்பார். அறிகுறியைப் பார்த்தே தொடங்கிவிட வேண்டும்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இரவு வியர்வையும் எடை குறைவும் என்றால் காற்று வழி; காய்ச்சலோடு கொப்புளம் என்றால் காற்று வழியும் தொடுதலும்; காய்ச்சல், கழுத்து விறைப்பு, தோலில் செம்புள்ளி என்றால் திவலை; கட்டுப்படாத பேதி என்றால் தொடுதல். முடிவு 'இல்லை' என்று வந்தால் அன்றே நீக்கிவிடலாம். நீக்குவதும் முறையாக நடக்க வேண்டும். மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சலுக்குச் சரியான மருந்து தொடங்கி 24 மணி நேரம், தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றி நான்கு நாள், சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை என்று வரையறைகள் உள்ளன. தனிமைப்படுத்தப்பட்டவரை மருத்துவரும் செவிலியரும் குறைவான முறையே பார்க்கிறார்கள், அவரிடம் மனச்சோர்வு கூடுகிறது என்பதெல்லாம் ஆய்வுகளில் வெளிவந்தவை. தேவைக்கு மேல் ஒரு நாள் அடைத்து வைப்பதும் நோயாளிக்குத் தீங்குதான்.

கருவிகளுக்கும் சூழலுக்கும் உள்ள விதி எளியது. உடலின் கிருமியற்ற பகுதிக்குள் செல்வது முழுக் கிருமிநீக்கம் பெற வேண்டும். சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைக் கிருமிநாசினி போதும். சிதையாத தோலை மட்டும் தொடுவதற்குத் துடைத்தெடுப்பது போதும். எதுவானாலும் முதலில் கழுவ வேண்டும்: ஒட்டிய இரத்தத்தின் அடியில் இருக்கும் கிருமியை ஆட்டோகிளேவ் எனும் கிருமிநீக்கக் கருவியின் நீராவியும் எட்டாது. தரையில் சிந்திய இரத்தத்துக்கும் இதே வரிசை, முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகுதான் 0.5 விழுக்காடு குளோரின் கரைசல். அதைத் தயாரிக்க 5 விழுக்காட்டுக் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு. நேர்மாறாகச் செய்தால் குளோரின் இரத்தத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும்.

ஊசியில் சமரசத்துக்கு இடமில்லை. ஊசிமுனையை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பு என்ற எண்ணம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அழுத்தம் மாறும்போது நுண்ணளவு இரத்தம் சிரிஞ்சுக்குள் பின்வாங்குகிறது, அது கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. பயன்படுத்திய சிரிஞ்சைப் பலமுறை எடுக்கும் மருந்துக் குப்பிக்குள் செருகினால் அந்தக் குப்பி முழுவதுமே தொற்றுப் பொருளாகிவிடும். மஞ்சள் காமாலை வைரஸ்கள் பலருக்கு ஒருசேரப் பரவியது இப்படித்தான். போட்டு முடித்த ஊசிக்கு மூடி போடாதீர்கள், வளைக்காதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பெட்டியில் நேராகப் போடுங்கள், அந்தப் பெட்டி முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி அனுப்பிவிடுங்கள். ததும்பும் பெட்டியில் கையால் அமுக்கும்போதும் ஊசி குத்துகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் குத்திவிட்டால், அந்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்கவோ கிருமிநாசினியில் ஊறவைக்கவோ வேண்டாம். கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான நீரால் அலசுங்கள். பிறகு உடனே, ஷிப்டு முடியும்வரை காத்திராமல், பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடுதான், ஆனால் தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் உட்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த நோய் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடுவரை. எச்.ஐ.வி.க்கு அஞ்சும் அளவுக்கு இதற்கு யாரும் அஞ்சுவதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. நீங்கள் மூன்று தவணையும் முடித்திருந்தால் அதோடு விட்டுவிடாமல், கடைசித் தவணைக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பரிசோதித்து, அது மில்லிலிட்டருக்கு 10 சர்வதேச மில்லி அலகு அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கி உங்கள் பணிப்பதிவில் சேர்த்துவிடுங்கள். அந்தத் தாள் கையிலிருந்தால், நாளை குத்தினாலும் ஹெபடைடிஸ் பி-க்கென்று தனிச் சிகிச்சை தேவையில்லை என்பதை மருத்துவர் அங்கேயே சொல்லிவிடுவார்.